நெடுங்கரையில் விழுந்த தண்டவாளம்

9 செப்டம்பர், திங்கள்

திருச்சித் தெருக்களில் காவிரி புகுந்து ஜனங்கள் மொட்டை மாடியில் நின்ற வருஷம் அது. அதே வருஷம்தான் டெல்லியில் ஆட்சி மாறியது. எங்கள் நெடுங்கரை ஸ்டேஷனுக்குக் கரண்ட் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டது. என் இடுப்பில் தண்டவாளம் விழுந்ததும் அந்த வருஷம்தான், ஐப்பசி பிறந்த புதிது, தீபாவளிக்கு முன்னால்.

பெரியாஸ்பத்திரியில் பிசியோ பார்க்கிற நஸ்ரின் டாக்டரம்மா, "எப்பலேருந்து வலி, பூமாலை அய்யா?" என்று கேட்டதற்கு இத்தனையும் சொன்னேன். அவள் தாளில் ஒரு வரி எழுதினாள். இவ்வளவு சொன்னதற்கு ஒரு வரி!

"தினமும் எழுதுங்க அய்யா. என்ன செஞ்சீங்க, எப்ப வலிச்சுது, அப்ப மனசுல என்ன ஓடுச்சு."

"நான் கைநாட்டும்மா."

"வீட்ல யாராவது எழுதட்டும்."

மருமகள் தமிழரசி எழுதுகிறாள். அங்கன்வாடி டீச்சர். நான் வாய்க்கு வந்தபடி சொல்வதை அவள் புத்தகத் தமிழில் போடுகிறாள். வாசித்துக் காட்டினால் யாரோ பெரிய மனுஷன் பேசுவது மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் மனசில் என்ன ஓடியது என்பதை எழுத விடமாட்டேன். வலி இடுப்பில். மனசில் என்ன இவளுக்கு வேலை?

11 செப்டம்பர், புதன்

கதை இதுதான். மகன் முருகையன் என்னைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புத் தட்டு பிதுங்கியிருக்கிறதாம். தீபாவளி கழித்து நவம்பர் பதினொன்று, கத்தி வைக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதற்குள் எழுந்து நடந்து காட்டினால் தப்பித்தேன். இல்லாவிட்டால் கவிழ்த்துப் போட்டு முதுகைப் பிளப்பார்கள். பயமெல்லாம் இல்லை. கவிழ்ந்து படுப்பதுதான் பிடிக்காது.

நஸ்ரின் அந்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்காரங்க பத்துப் பேர வரிசையா நிக்க வச்சு எடுத்தா, பாதிப் பேருக்கு மேல இதே மாதிரிதான் இருக்கும் அய்யா. அவங்களுக்கு வலியே இருக்காது. முடி நரைக்குதுல்ல, அதுமாதிரி இது. நரைச்ச முடி வலிக்குதா?" என்றாள்.

கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் மலம் சரியாகப் போகிறதா என்று தமிழரசியை வைத்துக்கொண்டே கேட்டாள். மானம் போனது. காலைத் தூக்கச் சொன்னாள், கட்டைவிரலை அமுக்கினாள், சுத்தியலால் தட்டினாள். எல்லாம் நன்றாக இருக்கிறதாம்.

"அப்ப நான் நடிக்கிறேங்கிறியா?"

"வலி நெசம் அய்யா. நெசமில்லன்னு நான் சொல்லவே இல்ல."

"பின்ன?"

"திருடன் போனப்புறமும் நாய் குரைச்சுக்கிட்டே இருக்கும்ல? அப்படி. அடி என்னைக்கோ ஆறிப்போச்சு. உடம்புதான் இன்னும் காவல் காக்குது."

எனக்குள் நாய் குரைக்கிறதாம். வெளியே வந்து தமிழரசியிடம் ஒரு பாட்டம் கத்தினேன். அவள் ஆட்டோக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

15 செப்டம்பர், ஞாயிறு

இடுப்பு பெல்ட்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறாள் நஸ்ரின். படுத்தே கிடக்கக் கூடாது, லெவல் கிராசிங் வரை நடக்க வேண்டும், தரையில் கிடக்கிற துணியைக் குனிந்து எடுக்க வேண்டும். பெல்ட் இல்லாமல் குனிந்தால் ஒடிந்துவிடும். ஒடிந்த பிறகு அவளா வந்து தூக்குவாள்?

நடந்தேன். பாதி தூரத்தில் திரும்பிவிட்டேன். டீக்கடையில் பிளாஸ்டிக் சேர் போட்டான். வேண்டாம் என்று நின்றுகொண்டே குடித்தேன். அந்தச் சேரைக் கண்டுபிடித்தவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும். வாடகைக் கடைக்காரன் கொண்டுவந்து இறக்குகிறானே, வெள்ளைச் சேர், அதில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எழுந்ததிலிருந்துதான் வலி இப்படிக் கூடிப்போனது.

"அது என்னைக்கு மாமா?" என்று கேட்டாள் தமிழரசி.

என்றைக்கோ ஒருநாள். எழுது, "என்றைக்கோ" என்று.

18 செப்டம்பர், புதன்

வலி. படுத்திருந்தேன்.

20 செப்டம்பர், வெள்ளி

ரயில்வே கேங்கில் நாங்கள் தண்டவாளம் தூக்கிய விதம் இந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். தண்டவாளத்தைக் கையால் பிடிக்க மாட்டோம். கிடுக்கியால் கவ்வுவோம். ஒரு கிடுக்கிக்கு இரண்டு ஆள், இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். இப்படி வரிசையாகப் பல கிடுக்கி. சவரிமுத்து மேஸ்திரி பாட்டுச் சொல்வார். பாட்டின் தாளத்துக்குக் கால் வைக்க வேண்டும், பாட்டு முடிகிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து இறக்க வேண்டும். ஒருத்தன் முந்தினால் அவன் ஜோடிக்காரன் செத்தான். அதனால் கிடுக்கி ஜோடியை மேஸ்திரி சும்மா போடமாட்டார். உறவுக்காரர்களைச் சேர்த்துப் போடுவார். உறவுக்காரன் கையை விடமாட்டான் என்று அவருக்கு நம்பிக்கை.

என் ஜோடிக்காரன் விட்டான்.

பாட்டு முடியவில்லை. மூன்றாவது அடிதான் போய்க்கொண்டிருந்தது. மழை. விட்டான். தண்டவாளம் என் இடுப்பில் விழுந்தது.

தமிழரசி பேனாவை நோட்டிலிருந்து எடுத்துவிட்டாள். "மேல விழுந்திருந்தா இன்னைக்கு நீங்க இதச் சொல்லிட்டு உக்காந்திருக்க மாட்டீங்களே மாமா?"

சரி, பக்கத்தில் விழுந்தது. கிடுக்கி என்னை இழுத்துச் சேற்றில் குப்புறத் தள்ளியது. இடுப்பில் வெட்டியது. விழுந்தால் என்ன, வெட்டினால் என்ன? இடுப்பு ஒன்றுதானே?

24 செப்டம்பர், செவ்வாய்

நஸ்ரின் நோட்டைப் படித்தாள். "அந்த ஜோடிக்காரர் பேரு என்ன அய்யா?"

நாற்பத்தேழு வருஷமாக அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. என் வீட்டிலும் யாரும் சொல்லக் கூடாது. சொல்லியே ஆக வேண்டுமென்றால் "மணப்பாறைக்காரர்" என்று சொல்வார்கள். அவன் மருதாயிக்கு உடன் பிறந்த தம்பி. மருதாயி என் சம்சாரம். அவள் செத்து மூன்று வருஷம் ஆகிறது என்று மட்டும் சொன்னேன்.

"உங்க வீட்டம்மா எதுல எறந்தாங்க?"

"வலிய மட்டும் பாரும்மா."

இன்று வலி அதிகம். ஆஸ்பத்திரி பெஞ்சு சரியில்லை.

2 அக்டோபர், புதன்

லீவு. முருகையன் வீட்டில் இருந்தான். டிவியில் தைல விளம்பரம் வந்தால் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். வலிக்கு நல்லது என்று புது மெத்தை வேறு வாங்கிப் போட்டிருக்கிறான். ஜல்லிக் குவியல் மேல் சாக்கை விரித்துத் தூங்கியவன் நான்.

"ஆபரேஷன் பண்ணிட்டா நிம்மதிப்பா. எதுக்கு இந்த நடையும் நோட்டும்?"

"யாருக்கு நிம்மதி?"

"எல்லாருக்கும்தான்."

மருதாயியின் தாய் வீட்டில் இவன் பிறந்தபோது முதல் ஆளாகத் தூக்கியவன் மணப்பாறைக்காரன். அந்த மூக்குதான் இவனுக்கு. பார்க்கும்போதே எரிகிறது.

லெவல் கிராசிங் வரை போனேன். கேட் போட்டிருந்தது. வண்டி போகிறவரை நின்றேன். இப்போதெல்லாம் தண்டவாளத்தை மிஷின் தூக்குகிறது. நின்ற நேரம் வலி தெரியவில்லை. இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

6 அக்டோபர், ஞாயிறு

மழை. தமிழரசி கீரை ஆய்ந்துகொண்டே வெள்ளத்தைப் பற்றிக் கேட்டாள். கேட்டால் சொல்வேன். என் ஞாபகத்தில் ஒரு துரும்பு பிசகாது.

தீபாவளி முடிந்த கையோடு பிடித்த மழை. ஆற்றில் வெள்ளம் வருவதற்குள் எங்கள் ஏரி உடைந்துவிட்டது. கேங் குடியிருப்பு பள்ளத்தில் இருந்தது. கதவைத் திறந்தால் தண்ணீர் இடுப்பளவு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மார்பளவு. மருதாயி மாசமாக இருந்தாள், முருகையன் வயிற்றில். நடக்க விட்டால் இழுத்துப் போய்விடும். ஏறு முதுகில் என்றேன். சேலையால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ரயில் கரைதான் மேடு. அதுவரைக்கும் கழுத்துத் தண்ணீரில், எதிரே முள்மரம் மிதந்து வருகிறது, சுமந்துகொண்டு போனேன். பயத்தில் அழுதுகொண்டே வந்தாள். கரையிலிருந்து யாரோ கயிறு போட்டார்கள். ஏறிவிட்டோம். கேங்கில் அத்தனை பேரும் கரை மேல் நின்று பார்த்தார்கள். வேறு எவனுக்கும் அந்தத் தைரியம் வராது.

தமிழரசி கீரையைக் கீழே வைத்தாள்.

"மாமா, தண்டவாளம் விழுந்தது தீபாவளிக்கு முன்னாலதானே?"

"ஆமா."

"வெள்ளம் தீபாவளி கழிச்சு."

"ஆமா."

"அப்ப இடுப்பு போனதுக்குப் பின்னாலதான் புள்ளத்தாச்சிய முதுகுல தூக்கிக்கிட்டுக் கழுத்துத் தண்ணியில வந்தீங்களா?"

டம்ளரைத் தட்டிவிட்டேன். அது கீரையில் விழுந்தது. ஆபத்துக்குத் தூக்கினேன், வலியோடு தூக்கினேன், உனக்கென்ன தெரியும் என்று கத்தினேன். அவள் அதையும் எழுதுகிறாள். எழுதட்டும்.

7 அக்டோபர், திங்கள்

மாமா இன்று பேசவில்லை. நான் தமிழரசி எழுதுகிறேன். டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

நான் இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. மாமா ரேஷன் அரிசி மூட்டையைத் தோளில் போட்டு வருவார். என் மகளை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். இடுப்பு என்று அவர் சொல்லி நான் முதலில் கேட்டது அத்தை இறந்த அன்று. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு அத்தையின் தம்பி மணப்பாறைச் சித்தப்பா வந்தார். தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். மாமா வாசலில் வெள்ளைச் சேரைப் போட்டுக்கொண்டு, அவர் உள்ளே வந்துவிடாதபடி காலையிலிருந்து எடுக்கும்வரை தெருமுனையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை, அழவில்லை. அத்தை கோடி இல்லாமல்தான் போனார்கள். அவர்களைத் தூக்கும்போது மாமாவால் சேரைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள்.

8 அக்டோபர், செவ்வாய்

நேற்று எழுதியதை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். கிழி என்றேன்.

"நீங்களே கிழிங்க மாமா, உங்க நோட்டுதானே" என்று கையில் கொடுத்தாள். எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

13 அக்டோபர், ஞாயிறு

வலி.

17 அக்டோபர், வியாழன்

நஸ்ரின் அந்தப் பக்கத்தைப் படித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு காரணம்னு இருக்காது அய்யா. பயந்து குனியாம இருந்தீங்க, சதை இறுகிப் போச்சு. படுத்தே இருந்தீங்க, பலம் போச்சு. தூக்கம் இல்ல. மனசு ஒரு விஷயத்த விடாம பிடிச்சுக்கிட்டிருந்தா உடம்பும் பிடிச்சுக்கும். எல்லாம் சேர்ந்துதான் வலி."

"தண்டவாளம்?"

"அது அப்பவே ஆறியிருக்கும்."

ஆறவில்லை. ஆறியது என்றால் நான் யார்? மச்சினனை நாற்பத்தேழு வருஷம் வாசலில் நிறுத்தியவன் சும்மாவா நிறுத்தினேன்? எனக்குச் சாட்சி வேண்டும். அன்றைக்கு நடந்ததைப் பார்த்த ஆள் ஒருத்தன் இந்த டாக்டரம்மா முன்னால் வந்து, "ஆமாம், அன்றைக்கே பூமாலைக்கு இடுப்பு போச்சு" என்று சொல்ல வேண்டும்.

18 அக்டோபர், வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். சவரிமுத்து மேஸ்திரி மஞ்சள் காமாலையில் போனார். தண்டவாளத்தைச் சோதித்து நடக்கிற கீமேன் காதர் பாய் ஹஜ் போய் வந்த மறுவருஷம். முதல் கிடுக்கி பிடித்த ஒண்டிவீரனும் அவன் அண்ணனும் லாரி மோதி ஒன்றாகப் போனார்கள். குட்டை ராயப்பன், மாரடைப்பு. வடுகநாதன் குடித்தே செத்தான். சூசை போன வருஷம், நான் போக முடியவில்லை, இடுப்பு.

மிச்சம் ஒருத்தன் இருக்கிறான். அவனைத்தான் கூப்பிட முடியாதே.

25 அக்டோபர், வெள்ளி

மருதாயிக்குத் திதி. தரையில் உட்கார முடியாது என்று நின்றுகொண்டே பிண்டம் வைத்தேன். ஐயர் முகம் சுளித்தார். காக்கா வெகுநேரம் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள், "பொறந்த வூட்டு ஆளு ஒருத்தரும் வரலியா? அதான் காக்கா யோசிக்குது" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன்.

சாயங்காலம் வலியில் உயிர் போனது. முருகையன் பெல்ட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "பதினொன்னாம் தேதி வரை பொறுங்கப்பா" என்றான்.

3 நவம்பர், ஞாயிறு

மணப்பாறை போய் வந்தோம். சாட்சி கேட்கத்தான் போனேன். அதைத் தெளிவாக எழுது.

பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். பெல்ட்டை எடுக்க மறந்து போனேன். கோபமாகக் கிளம்பியதில் மறந்துவிட்டது. மாட்டுச் சந்தைக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. கயிற்றுக் கட்டிலில் கைலியோடு உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். ஊசியை ஒரு இடத்தில் குத்துகிறான், நூல் வேறு இடத்தில் வருகிறது. கண்ணில் பூ விழுந்திருந்தது.

"யாரு?"

தமிழரசி, "நெடுங்கரை மருதாயி அத்தையோட மருமக, சித்தப்பா" என்றாள்.

ஊசியை வைத்தான். "அப்ப பக்கத்துல மூச்சு வாங்கிட்டு நிக்கிறது தவளையா?"

அந்தப் பெயரை எழுதாதே என்றேன். சரி, எழுது. சேற்றில் குப்புற விழுந்த அன்றைக்கு வைத்த பெயர். ரிட்டயர் ஆகிறவரை அதுதான் என் பெயர். அதிகாரிகூட ஒருதரம் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

"எதுக்குடா கிடுக்கிய விட்ட?"

"வாங்க, உக்காருங்கன்னு நான் சொல்லலாம்ல முதல்ல?"

"எதுக்கு விட்ட?"

"விட்டனா, நழுவுச்சான்னு எனக்கே தெரியாது மச்சான். மழை. கையெல்லாம் கிரீசு. ஆனா நீ தொப்புன்னு விழுந்து நிமிந்தப்ப மூஞ்சில கண்ணு ரெண்டும்தான் தெரிஞ்சுச்சு. நான் சிரிச்சேன். அது நல்லாத் தெரியும். நான் சிரிச்சதப் பாத்துத்தான் மத்தவனும் சிரிச்சான். அதுக்கு வேணா என்ன அடி."

"எனக்கு இடுப்பு போச்சு."

"எங்க போச்சு? ஏரி ஒடஞ்சப்ப எங்கக்காவ முதுகுல கட்டிக்கிட்டு வந்தது உங்கப்பனா? நான்தான கரை மேலேருந்து கயிறு போட்டேன்? புள்ளத்தாச்சி, மூட்ட கணக்கா இருந்தா. சிரிக்கிறா சிரிக்கிறா, அந்தத் தண்ணியில அப்படிச் சிரிக்கிறா. 'டேய் தம்பி, உங்க மச்சான் நெசமாவே தவளடா, எப்படி நீந்துறாரு பாரு'ன்னு."

அழுதாள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். காதுக்குப் பின்னால் அவள் மூச்சு திக்கித் திக்கி வந்தது. முதுகு குலுங்கியது. அது அழுகை என்று எனக்கு யார் சொன்னது?

சந்தைப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

அவன் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினான். "அங்க டிரங்குப் பொட்டியில இருக்கு மச்சான், அன்னைக்குக் கொண்டாந்த கோடி. என்னால குனிய முடியாது. எடுத்துக்க."

"உன்னால முடியாதா? குனியாம கொள்ளாம படுத்துக் கெடந்தா எப்படிடா முடியும்? சதை இறுகிப் போயிருக்கும்! எந்திரிச்சு நட!" என்று கத்திக்கொண்டே குனிந்து, பெட்டியை இழுத்து, மண்டி போட்டுத் திறந்து எடுத்தேன். பச்சைச் சேலை, மடிப்புக் கலையவில்லை. நிமிர்ந்த பிறகுதான் தமிழரசி என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். வலித்தது. ஒடியவில்லை.

சேலையை அவன் மடியில் போட்டேன்.

"இத நான் எடுத்துட்டுப் போகக் கூடாது. பொறந்த வூட்டு ஆளுதான் கொண்டாரணும்."

"எனக்குக் கண்ணு தெரியாதே."

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"உனக்கு இடுப்பு?"

"என் இடுப்பப் பத்தி நீ பேசாத!"

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

5 நவம்பர், செவ்வாய்

நஸ்ரின் கேட்டாள், "வலி எப்படி அய்யா?"

"இருக்கு."

"சாட்சி கெடச்சுதா?"

"எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிட்டான்" என்றேன். சிரித்தாள். சிரிக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இவள் பரவாயில்லை.

கத்தி வேண்டாம் என்று முருகையனிடம் சொல்லிவிட்டேன். ஒரு மூச்சு கத்தினான். என் பிள்ளைதான்.

11 நவம்பர், திங்கள்

ஆபரேஷன் நாள். விடிந்ததும் கிளம்பி மணப்பாறை போனேன், தனியாக. அவனைக் கையைப் பிடித்து பஸ் ஏற்றினேன். ஜன்னல் ஓரம் வேண்டும் என்றான். கண் தெரியாதவனுக்கு எதற்கு ஜன்னல்? வழியெல்லாம் சண்டை. தெருமுனையில் இறங்கியதும் நின்றுவிட்டான். "உள்ள வரலாமா?" என்றான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

மருதாயி படத்துக்கு முன்னால் சேலையை வைத்தான். படம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுவரைத் தடவினான். அவன் கையை எடுத்து அவள் முகத்தில் வைத்தேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். எழுந்திருக்கத்தான் முருகையன் வர வேண்டியிருந்தது, இரண்டு பேருக்கும்.

கோபம் போகவில்லை. எழுதிக்கொள். பாட்டு முடியுமுன் கிடுக்கியை விட்டது விட்டதுதான்.

ஆனால் மேஸ்திரி போய்விட்டார், காதர் பாய் போய்விட்டார், ஒண்டிவீரன், அவன் அண்ணன், ராயப்பன், வடுகநாதன், சூசை, எல்லாரும் போய்விட்டார்கள். கழுத்துத் தண்ணீரில் மருதாயி என் முதுகில் இருந்துகொண்டு சிரித்ததைக் கரை மேல் நின்று பார்த்தவன் இன்றைக்கு ஒரே ஒருத்தன்தான் உயிரோடு இருக்கிறான். உள்ளே என் புது மெத்தையில் குறட்டை விடுகிறான்.

பேனாவை வைத்துக்கொண்டு தமிழரசி என் வாயையே பார்க்கிறாள். சரி, அவன் பெயரை எழுது தாயி.

துரைக்கண்ணு.